மீதிக் கதை வியாழக்கிழமை

தலைமையேற்று, நான் வாயைத் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட எங்கள் வாசகசாலைத் தலைவர் சிவசம்பு ஐயா அவர்களே, முன்வரிசையை முறையோடு அலங்கரிக்கும் மூத்தோர்களே, பின்வரிசையில் பிள்ளைகளை அதட்டிக்கொண்டே எனக்கும் ஒரு காது கொடுக்கவிருக்கும் தாய்மார்களே, கடைசியில் கிடைக்கும் மீகூன் சாப்பாட்டுப் பொட்டலத்துக்காகவே பொறுமை காக்கும் இளைஞர்களே, ஸ்கூடாய் வாழ் தமிழ் நெஞ்சங்களே, இந்தச் சபாபதியின் பணிவான வணக்கம்.

முனைவர் ஒருவர் முழங்கவேண்டிய மேடை இது. அவர் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். எல்லைப் பாலத்து நெரிசலில் நிற்கிறார். ஒலிபெருக்கி சும்மா இருக்கக்கூடாதே என்று, நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த என்னை ஏற்றிவிட்டார்கள். நான் யார்? பெக்கோக் தோட்டத்தில் பிறந்தவன். மூன்றாம் படிவத்தோடு படிப்பு என்னைக் கைகழுவியது. தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். எவ்வளவு பெரிய பாரத்தையும் தூக்குவேன். ஒரு கருத்தைத் தூக்கி நிறுத்தச் சொன்னால்தான் எந்த லீவரை இழுப்பதென்று தெரியாது.

ஆனாலும் ஏறியது ஏறிவிட்டேன். நம் வாசகசாலை மூலையில் நிற்கும் காதல் நாவல் அலமாரியைக் காலி செய்து, அத்தனையையும் நாளைக் காலை பழைய பேப்பர் லோரியில் ஏற்றச் செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. அந்த இடத்துக்குத் தேர்வு வழிகாட்டிகள் வருமாம். "காதல் கதை சோறு போடுமோ?" என்று கேட்டார் தலைவர். நியாயமான கேள்வி. அந்த அலமாரியையே படித்துத் தீர்க்கும் என் மனைவி யோகேஸ்வரியிடம் நானும் அதையேதான் கேட்டுவந்தேன். கேட்ட நாளெல்லாம் சோறு தாமதமாகத்தான் வந்தது.

சிரிக்காதீர்கள் தாய்மார்களே, சாப்பிட்டவன் நான்.

அந்த யோகேஸ்வரிக்குச் சிறுநீரகம் பழுதாகி, செவ்வாய், வியாழன், சனி என்று டயாலிசிஸ் மையமே இரண்டாம் வீடானது. ஊசி ஏறிய கையை அசைக்கக்கூடாது. ஒற்றைக் கையால் பக்கம் புரட்ட முடியாது. "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்" என்றாள். படித்தேன். பெரியோர்களே, பேரன் எடுக்கும் வயதில், தொந்திமேல் புத்தகத்தைச் சாய்த்து, 'நித்திலா, உன் விழிகளில் நான் தொலைந்தேன்' என்று ஊர் கேட்க உரக்க வாசித்திருக்கிறீர்களா? கதாநாயகன் ஆறடி ஆள். கோபம் வந்தால் அவன் கண் சிவக்கும். எனக்குக் கோபம் வந்தால் பிரஷர் மாத்திரை தேடுவேன். மகள் லோஷினி தொலைபேசியில், "ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்கப்பா, ஆபீஸ்ல டென்ஷனா இருக்கு" என்றாள்.

வெட்கத்தில், நெருக்கமான இடம் வந்தாலே பக்கத்தைத் தாண்டினேன். அடுத்த கட்டிலில் கண்மூடிக் கிடந்த ராசம்மா அக்கா திடீரென்று கேட்டார்:

"தம்பி, ராத்திரி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் போனவங்க, காலையில சிரிச்சிக்கிட்டுக் கோப்பி குடிக்கிறாங்க. நடுவுல என்னதான் நடந்துச்சு?"

"சமாதானம் ஆயிட்டாங்க, அக்கா."

"எப்படி ஆனாங்கன்னுதான் கேக்கறேன். புக்கு உங்க கையிலதானே இருக்கு?"

"எங்க வீட்டுலயும் அந்தப் பக்கத்தத் தாண்டித்தான் குடும்பம் நடத்துனாரு, அக்கா" என்றாள் என் தர்மபத்தினி.

தாதிமார்கூடச் சிரித்தார்கள். அன்றுமுதல் ஒரு வரியையும் நான் தாண்டியதில்லை.

அந்த ராசம்மா அக்காவுக்குத் துணையென்று யாருமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னார்: "இதோட போதும், யோகேஸ். குத்திக் குத்திக் கை மரத்துப்போச்சு. இனிமே வரல. யாருக்காக வர்றது, சொல்லு." தாதி மன்றாடினார், கேட்கவில்லை. மருத்துவர் எச்சரித்தார், கேட்கவில்லை. எனக்கோ ஆறுதல் சொல்ல வராது. வந்ததைச் செய்தேன், வாசித்தேன். பெட்டியோடு நித்திலா விமான நிலைய வாசலில் நிற்கிறாள். பின்னாலிருந்து அவன் அழைக்கிறான். அவள் காலடி தயங்குகிறது.

புத்தகத்தை மூடினேன்.

"ஏன் மூடிட்டீங்க?"

"மீதிக் கதை வியாழக்கிழமை, அக்கா."

"அலமாக், மனுசனா லா நீங்க?" என்று திட்டினார்.

வியாழக்கிழமை வந்தது. அக்காவின் கட்டில் காலி. யோகேஸ்வரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கச் சொல்லவில்லை, நானும் புத்தகத்தைத் திறக்கவில்லை. தாதி விரிப்பை எடுக்கக் கை வைத்த நேரத்தில் கதவு திறந்தது. கைப்பையை இறுக்கிக்கொண்டு ராசம்மா அக்கா.

"திரும்பிப் பாத்தாளா இல்லியா? அத மட்டும் கேட்டுட்டுப் போயிடறேன்."

"மொதல்ல படுங்க, அக்கா" என்றேன்.

படுத்தார். ஊசி ஏறியது. இன்றுவரை வருகிறார்.

காதல் கதை சோறு போடுமா? போடாது ஐயா. பட்டம் தருமா? தராது. பதவி தருமா? தராது. ஆனால் பத்துப் பாத்திரம் தேய்த்துப் படுக்கப் போகிறவளுக்கு ஒரு பக்கம், பாலத்து நெரிசலில் பசியோடு நிற்கிறவனுக்கு ஒரு பக்கம், நோயில் நொந்தவருக்கு நாளை மறுநாளை நம்ப ஒரு பக்கம். தேர்வு வழிகாட்டி வரட்டும்; என் மகளும் அதைப் படித்துத்தான் கரையேறினாள். ஆனால் அதை அடுத்த கட்டிலுக்குக் கேட்க வாசித்தால், மறுபடி வருவார் யார்?

பொறுங்கள், தலைவர் ஏதோ கேட்கிறார். "அதெல்லாம் சரி தம்பி, அந்தப் பிள்ளை திரும்பிப் பாத்ததோ, இல்லையோ?"

ஐயா, அந்தப் புத்தகத்தை இன்று காலைதான் திருப்பி வைத்தேன். அதே அலமாரி, மேல்தட்டு, இடது ஓரம். நீங்களே எடுத்துப் படியுங்கள். எந்தப் பக்கத்தையும் தாண்டாதீர்கள். முடிவை வியாழக்கிழமை சொன்னால் போதும். லோரியும் அதுவரை காத்திருக்கட்டும்.

அதோ, முனைவரின் கார் வந்துவிட்டது. நாற்காலிகளில் இன்னும் பாதியை நான் அடுக்கவில்லை. இந்தப் பாமரனுக்குச் செவிசாய்த்த உங்களுக்கு என் நன்றி. வீட்டுக்குப் போய் இரவில் இரண்டு பக்கம் புரட்டப்போகும் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.