சவுரியம்மாள் போகாத ஊர்கள்

எங்கள் முதியோர் இல்லத்தில் சாம்பாருக்கு உப்பு எப்போதும் ஒரு கல் குறைவாகத்தான் இருக்கும். ரத்த அழுத்தக்காரர்களை உத்தேசித்து அப்படிச் செய்கிறார்கள். அதைத் தவிர அந்த இடத்தைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற சாலையில், கிளியனூர் தாண்டி, வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள், ஒரு சாப்பாட்டுக் கூடம், ஜெபம் சொல்ல ஒரு சிற்றாலயம். வயதானவர்கள் கௌரவமாக இருந்துவிட்டுப் போகலாம். நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற விஷயத்துக்கும் நிர்வாகத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் அருளப்பன். திண்டிவனத்தில் முப்பது வருடத்துக்கு மேல் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தேன். மனைவி சவுரியம்மாள். ஒரே மகள் வெனிலா, கல்யாணமாகி டொரன்டோவில் இருக்கிறாள். 2015இல் கடையை விற்றுவிட்டு நாங்கள் இரண்டு பேரும் இங்கே குடிவந்தோம். அதற்கு முன்னால் மகள் இரண்டு தடவை விசா ஏற்பாடு செய்து கூப்பிட்டாள். அப்போது கடை இருந்தது, போக முடியவில்லை. கடை போன பிறகு அவள் கூப்பிடவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

இல்லத்தின் தலைமை அலுவலகம் சென்னையில். அங்கிருந்து இன்டர்நெட் வழியாக எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து வகுப்பு நடத்துவார்கள். கூடத்தில் ஒரு பெரிய திரை, கேமரா, மைக். ஒரு நாள் யோகா, ஒரு நாள் செல்போன் பழகுவது, வெள்ளிக்கிழமை காலையில் ‘நாமும் உலகமும்’ என்று பூகோளப் பாடம். நடத்துகிற பெண் சங்கவி, பேத்தி வயதிருக்கும். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். எனக்கு அதெல்லாம் அவசியமில்லை. சவுரி ஐந்தாவதோடு நின்றவள். சாப்பிட்டுவிட்டுச் சும்மா படுத்துக் கிடப்பதற்குப் பதில் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வரட்டும் என்று நான்தான் அனுப்பினேன். அவளாகப் போகவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்ததே நான்தான்.

போன வருடம் தை மாதம் வகுப்பு தொடங்கியது. ஈஸ்டருக்குள் அவள் வேறு ஆளாகிவிட்டாள். சங்கவி செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி மரக்காணம் உப்பளத்தைக் காட்டியிருக்கிறாள். சவுரி பிறந்த ஊர் அதன் பக்கத்தில்தான். மேலிருந்து பார்த்தால் உப்புப் பாத்தி எல்லாம் சதுரம் சதுரமாக ஜன்னல் கண்ணாடி மாதிரி தெரிந்ததாம். அன்றைக்குப் பகல் முழுக்க அதையே சொன்னாள். அப்புறம் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். நைல் நதி ஏன் மேல்பக்கமாக ஓடுகிறது, கனடாவில் விடிந்தால் நமக்கு ஏன் பொழுது சாய்கிறது என்று. முதலில் என்னிடம் கேட்டாள். நான் சொன்ன பதில் போதவில்லை போலிருக்கிறது, நேராகச் சங்கவியிடமே கேட்கத் தொடங்கிவிட்டாள். அந்தப் பெண்ணும் ஒவ்வொரு பாடத்திலும், “சவுரியம்மா என்ன சொல்றாங்க, கேப்போம்” என்று மைக்கை இவள் பக்கம் திருப்பச் சொல்வாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சவுரி அதில் ஒரு படி மேல். தினமும் சாயங்காலம் ஜெபமாலை சொல்லும்போது “அருள் நிறைந்த மரியே” என்று வருகிறதல்லவா, அதில் ‘அருள்’ என்ற சொல்லை விழுங்கிவிடுவாள். ஒரு மூச்சு விட்டுவிட்டு, “நிறைந்த மரியே வாழ்க” என்பாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். ஒருதரம் பங்குச் சாமியாரே கேட்டுவிட்டுச் சிரித்தார். மாதா கோபித்துக்கொள்ள மாட்டாளா என்றார். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது, ஆனால் மாற்றிக்கொள்ளவில்லை. கடையில் எவ்வளவு பேஜாராக இருந்தாலும் வீட்டுக்கு வந்து அந்த ஒரு மூச்சைக் கேட்டால் எனக்கு மனசு நிறைந்துவிடும். ஆண்பிள்ளைக்கு அதைவிட என்ன மரியாதை வேண்டும், சொல்லுங்கள்.

சங்கவி ஒரு நாள் எல்லோரையும் தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். ஊர், பெயர், துணைவர் பெயர். நான் கூடத்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். சவுரி மைக்கை வாங்கி, “எங்க ஊட்டுக்காரர் பேரு அருளப்பன்” என்றாள். தயங்கவே இல்லை. திரையில் கட்டம் கட்டமாக எத்தனையோ ஊர்க் கிழவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் ஆலயத்தில் ஜெபமாலையில், “அருள் நிறைந்த மரியே” என்று முழுசாகச் சொன்னாள். ஜெபமாலையில் ஐம்பத்து மூன்று மணி. ஐம்பத்து மூன்று தடவையும் சொன்னாள். நான் முழங்காலில் இருந்தேன். எழுந்து போக முடியவில்லை. அன்று எனக்கு நெஞ்சே வலித்தது, அது உண்மை.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் சாதாரணமாக, “ஜெபத்துல ஒரு வார்த்தைய உட்டுட்டு உட்டுட்டுச் சொன்னா அது குறைதானுங்களே” என்றாள். நியாயமான பதில்தான்.

சாப்பாட்டுக் கூடத்தில் ராயப்பன் என்று ஒருவர் எங்கள் மேஜையில் உட்காருவார், ரயில்வேயில் இருந்தவர். சிங்கப்பூரைத் தாண்டித்தான் மலேசியா என்று நான் அவரிடம் ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். சவுரி ரசம் ஊற்றிக்கொண்டே, “இல்லீங்க, மலேசியாவுக்கு அடிமுனையிலதான் சிங்கப்பூரு கீது” என்று சொல்லிச் சிரித்தாள். ராயப்பனும் சிரித்தார். கேலியாகச் சிரிக்கவில்லை, அவள் மேல் பிரியமாகத்தான் சிரித்தார். எல்லோருமே அவள் மேல் பிரியமாக இருந்தார்கள். அதற்கு முன்னால் அந்தக் கூடத்தில் அவளை மெடிக்கல்காரர் வீட்டம்மா என்று சொல்வார்கள். கொஞ்ச நாளில் என்னைச் சவுரியம்மா வீட்டுக்காரர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

பாடம் முடிகிற நாளில் எல்லாக் கிளைகளும் பார்க்க ஒருவர் பத்து நிமிஷம் பேச வேண்டும். சங்கவி இவளைத் தேர்ந்தெடுத்தாள். கனடாவிலிருந்து வெனிலாவும் பார்க்கலாம் என்று இணைப்பும் அனுப்பிவிட்டார்கள். சவுரி வைத்த தலைப்பு, ‘நான் போகாத ஊர்கள்’. துணி மடித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டு கேட்பேன். “எம்பொண்ணு ஊர்ல ஒரு ஏரி கீது. கடலாட்டம் இருக்கும், ஆனா வாய்ல வெச்சா உப்பு இருக்காது. நான் வெச்சிப் பாத்ததில்ல” என்று தொடங்கும். நைல் வரும், பனிமலை வரும். கடைசியில், “மகாபலிபுரம் இங்கேர்ந்து பஸ்ஸுல கொஞ்ச நேரந்தான். அதுவும் நான் போவாத ஊருதான். ஊட்டுக்காரருக்குக் கடை. கடைய மூட முடியாது. அதுக்கு யாரு இன்னா பண்றது” என்று முடிப்பாள்.

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குரலில் ஒரு சலிப்புக்கூட இல்லை. திட்டியிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். இவள் என்னை மழை, வெயில் கணக்கில் சேர்த்துவிட்டாள். அதை மகள் முன்னால், அத்தனை பேர் முன்னால் சொல்லப் போகிறாள். கடைசி வரியை எடுத்துவிடு என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, “அது இல்லன்னா பேச்சு முடியாதுங்க” என்றாள். அவள் என்னிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரத்திலிருந்து நான் காலையில் அவளுக்குச் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் ஒரு சின்ன மின்சாரக் கெட்டில் இருந்தது. சுக்கு, மிளகு, பனைவெல்லம். அதில் தூக்க மாத்திரை ஒரு பாதியை நுணுக்கிப் போடுவேன். தொழில் தெரிந்தவன் நான். ஆபத்தில்லாத அளவு என்று கணக்குப் பார்த்துத்தான் போட்டேன். ஒரு முரட்டுத்தனமும் கிடையாது. அவளை நான் ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நான் காபி போட்டுக் கொடுக்கிறேன் என்பதில் அவளுக்கு உண்டான சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொன்னாள். தண்ணி செம்பைக்கூட எடுத்துக் குடிக்காத மனுஷன், இப்போ எனக்குக் கலந்து குடுக்கிறாரு என்று. பெண்கள் எல்லாம் என்னைப் பார்த்து அவரவர் புருஷனை முறைத்தார்கள். கொஞ்ச நாள் அப்படிப் போனது. பிறகு அவள் வகுப்பில் தூங்கி வழிந்தாள். ஊர்ப் பெயர்கள் மாறிப் போயின. என்னைப் பார்த்து, “எனக்கு இன்னா ஆவுதுங்க” என்று கேட்டுவிட்டு அழுதாள். வயசாகிறது என்று சொல்லி முதுகைத் தடவிக் கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது.

பேசுகிற நாளில் நல்ல புடவை கட்டி, பூ வைத்து உட்கார்ந்தாள். “எம்பொண்ணு ஊர்ல ஒரு ஏரி” என்றாள். அதோடு நின்றுவிட்டது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. கண் சொருகியது. திரையில் வெனிலா, “அம்மா, பரவால்லமா, மெதுவா சொல்லுமா” என்றாள். அந்தச் சங்கவி முகத்தை மூடிக்கொண்டாள். சவுரி மைக்கை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்து, “மன்னிச்சிக்கோங்க” என்றாள். நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கிறீர்கள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த நாள்களில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எதற்கும் என்னைத்தான் கேட்டாள். சங்கவி போனில் கூப்பிட்டபோது, “மண்டையில ஏறல கண்ணு, நான் வரலை” என்று அவளே சொல்லிவிட்டாள். விழுப்புரத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்றார். நான் சொன்னதை வைத்துச் சொன்னார், அவர் மேல் தப்பில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, மனைவியிடம் பொறுமை இழந்தேன் என்று சொன்னேன். என் மனதுக்கு அப்போது அவ்வளவுதான் பட்டது.

ஐப்பசியில் மழை விடாமல் பெய்த ஒரு காலை, குளியலறையில் தலை சுற்றி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார்கள். ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் சொன்னேன். அங்கே கெட்டில் இல்லை.

சில நாள்களில் அவள் தெளிந்துவிட்டாள். ஆபரேஷன் முடிந்து, வலி இருந்தும், முகம் பழையபடி ஆகிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் கிளியம்மாள் என்று மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்து அம்மா ஒருத்தி. நான் இட்லி வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழையும்போது சவுரி அவளிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஏரியிலிருந்து ஆரம்பித்து, நைல், பனிமலை, மகாபலிபுரம் வரைக்கும். ஒரு சொல் பிசகவில்லை. கடைசி வரியையும் சொன்னாள். கிளியம்மாள், “நல்லா சொன்ன போ” என்றாள். நான் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றேன். அது நல்ல பேச்சு. நான் அதை ஒப்புக்கொள்கிறேன்.

உள்ளே போனதும் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“காபி கசந்துது மொத நாளே தெரியுங்க. மெடிக்கல்காரன் பொண்டாட்டிக்கு மாத்திரக் கசப்பு தெரியாதா?”

“அப்புறம் ஏன் குடிச்ச?”

“நாப்பத்தி நாலு வருசத்துல நீங்களா எனக்குன்னு கலந்து குடுத்தது அது ஒண்ணுதான். எப்பிடிங்க வேணான்றது?” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “அந்தப் பேச்ச மட்டும் பேச உட்டுட்டு, அப்பறமாக் குடுத்திருக்கலாம்” என்றாள்.

மறுநாள் நெஞ்சுக்குள் ரத்தக்கட்டி ஏறிப் போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்த வெனிலா சுக்குப் பொடி டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகளைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள். நான் மறைக்கவில்லை. பெற்ற மகளே புகார் கொடுத்திருக்கிறாள். கோபத்தில் இருக்கிறாள், சரியாகிவிடும்.

மாத்திரை போட்டது நான்தான். ஒரு நாள் விடாமல் போட்டேன். அவள் புத்தியை எடுத்ததும் நான்தான், அவள் விழுந்ததும் அதனால்தான், செத்ததும் அதனால்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். ஆனால் அவள் தெரிந்துதான் குடித்தாள் என்பதையும் அதில் சேர்த்து எழுதுங்கள். என் மேல் அவளுக்கு எவ்வளவு பிரியம் இருந்தது என்று வெனிலா தெரிந்துகொள்ளட்டும்.