வாரம் ஒரு மாத்திரை

இல்ல, நான் ஒண்ணும் கோவமாப் பேசல. பாறை உருண்டு விழுற எடம் இது, வண்டி ஓட்டுறவன் கண்ணு ரோட்டுலதான் இருக்கணும். அதான் ஒம்பக்கம் திரும்பாமப் பேசிக்கிட்டு வர்றேன். டாக்டரம்மா சொன்னது எனக்குப் புரியலன்னு நீயா நெனச்சுக்கிட்டா எப்புடி, அனார்குல்? போனைப் பாத்துக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன், வாஸ்தவம். காது தொறந்துதான் இருந்துச்சு.

வேணும்னா ஒப்பிக்கிறேன், கேளு. ஒடம்பு தன்னையே எதிரின்னு நெனச்சு மூட்டு மூட்டாக் கடிச்சுத் திங்குற வாதம் ஒனக்கு. அதுக்கு மூணு வழி சொன்னா. இந்த வெள்ளை மாத்திரைய, அதான் ஸ்டீராய்டு, அதையே ஆயுசு பூரா கொஞ்சங் கொஞ்சமாப் போட்டுக்கிட்டுக் கெடக்குறது ஒண்ணு. வலி அடங்கிக் கெடக்கும், ஆனா எலும்பு உளுத்துப்போகும், கண்ணுல புரை விழும், சக்கரை ஏறும். ரெண்டாவது, வாரத்துக்கு ஒரு தடவை முழுங்குற மஞ்ச மாத்திரை. மூணாவது அந்த ஊசி. எதையாவது விட்டுட்டேனா? இல்லல்ல.

அந்த வெள்ளை மாத்திரைய டாக்டரம்மா இம்புட்டு வையிறாளே, எனக்கு அதுமேல ஒரு கோவமும் கெடையாது. நீ எப்புடிக் கெடந்தே. காலைல எந்திரிச்சா வெரல் மடங்காது. தலைத்துணியக் கட்டிவிட மூத்தவ பெரமெட்டைக் கூப்புடுவே, அவ பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு சிணுங்குவா. பால் கறக்க ஒக்காந்தா மாடே திரும்பிப் பாக்கும், என்ன இவ சும்மா தடவிக்கிட்டுக் கெடக்கான்னு. நம்மூரு கம்பவுண்டர் குடுத்ததை ஒரு வாரம் முழுங்கினே, அம்புட்டுத்தான். பூராப் பசுவையும் கறந்து, ரொட்டியும் சுட்டு அடுக்கிட்டு நின்னே. எங்கம்மாகூட சொல்லுச்சு, மருமக இப்பத்தான் வந்து எறங்குன மாதிரி இருக்கான்னு. அப்பறம் அதை யாரு நிறுத்துவா? தீரத் தீர வாங்குனோம், நீ முழுங்கினே. ஒருத்தரும் அமுக்கிப் புடிச்சு ஒன் வாயில போடல.

மூஞ்சி பொதபொதன்னு வீங்குனதுக்கு நான் என்ன பண்ணுவேன். சந்தையில ஜபார் பொண்டாட்டி கேட்டாளே, ஒம்புருசன் பங்கையும் நீயேதான் திங்கிறியான்னு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அதைப் போயி டாக்டரம்மாகிட்டச் சொல்லணுமா நீ? அவ என்னைய ஒரு மாதிரிப் பாக்குறா. கல்யாணப் போட்டோவுல இருக்குறவளும் நீயும் ஒரே ஆளுதான்னு நான் சத்தியம் பண்ணினாலும் எவன் நம்புவான்?

இந்தா, மீன்காரி நிக்கிறா. ஏரிக்கு இம்புட்டுக் கிட்ட வந்துட்டுப் புகை மீன் வாங்காமப் போறதா? இரு, வந்துர்றேன்.

ம்... நல்ல கொழுப்பு மீனு. ஒனக்கு ஆகாது, உப்பு. உப்பைக் கொறைக்கச் சொல்லியிருக்கா ஒனக்கு. கண்ணாடிய எறக்கி விட்டுக்கோ, வாடை தெரியாது.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்... ஆங், வைத்தியம். நாங்க எதைச் செய்யாம விட்டோம்? எங்கம்மா அறுத்த ஆட்டுத் தோலை ஆவி பறக்கப் பறக்க ஒன் மேல சுத்துச்சு. நீ வாடை தாங்கலன்னு அழுதே. நல்லா வேத்தா நோவு தோல்ல எறங்கிரும்னு நாங்க ரெண்டு பேரும் ஒன்னையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தோம். நாய்க் கொழுப்பை உருக்கிக் குடுத்தோம், வாந்தி எடுத்தே. வெந்நீர் ஊத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பால் கேனைத் தூக்கி முதுகெலும்பு நொறுங்கினப்ப பிஷ்கெக் பெரியாஸ்பத்திரி வரைக்கும் யாரு கூட்டிட்டு வந்தது? கேனைத் தூக்கச் சொன்னது நான்தான், சரி. கூட்டிட்டு வந்ததும் நான்தான.

அட, மந்தை வருது. மேல மலையில குளிர் தொடங்கிருச்சு போல, எல்லாவனும் ஆட்டை எறக்குறான். இனி அசைய முடியாது, நில்லு... வாலேக்கும் சலாம். அத்பாஷிக்குத்தாம்ப்பா, எங்க ஊருக்கு. ஆமா, ஆமா, எங்கம்மாதான். ஆஸ்பத்திரிலேருந்து கூட்டிட்டுப் போறேன்.

என்ன பாக்குற? அவனாத்தான் ஒன்னையக் காட்டி அம்மாவான்னு கேட்டான். நடுரோட்டுல நின்னு விளக்கிக்கிட்டு இருக்கவா?

சரி, ஊசிக்கு வா. நல்ல ஊசிதான், நான் இல்லங்கல. ஆனா ஒன் நெஞ்சுல எப்பவோ வந்த டிபி ஒளிஞ்சு கெடக்காம். மொதல்ல அதுக்கு மாசக் கணக்குல மாத்திரை திங்கணும். அப்பறம் ஊசிய பிரிட்ஜுல வைக்கணும். நம்மூருல குளிர் காலத்துல கரெண்டு எங்க இருக்கு? வெளிய பனியிலயே பொதச்சு வச்சுக்கலாமான்னு அக்கறையாத்தான் கேட்டேன். ஒறஞ்சா வீணாப் போயிரும்னு சொல்லிட்டு அந்த நர்ஸு சிரிச்சா. நீயும் சேந்து சிரிச்சே. பாத்தேன்.

ஆக மிச்சம் மஞ்ச மாத்திரைதான். வாரத்துக்கு ஒண்ணு, மாசா மாசம் ரத்தம் பாக்கணும், ஈரல் கெடாம இருக்கான்னு. அதெல்லாம் கெடக்கட்டும். அதை முழுங்குற வரைக்கும் புள்ள உண்டாகக் கூடாதுன்னாளே. உண்டானா ஊனமாப் போயிருமாம். அவ அதைச் சொன்னப்ப நீ ஒரு தடவையாச்சும் எம்பக்கம் திரும்புவேன்னு பாத்தேன். திரும்பல. எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, போதும்னே. எனக்குன்னே. நமக்குன்னுகூட ஒன் வாயில வரல.

புள்ள பெத்துக்குற மாதிரி வேற மாத்திரை இல்லையான்னு நான்தான் கேட்டேன். இருக்கு, ஆனா ஒன் நோவுக்கு அது காணாதுன்னா. சரி, கொஞ்ச காலத்துக்கு இந்த வெள்ளையவே போட்டுக்கிட்டு ஒரு பையனைப் பெத்துக் குடுத்துட்டு, அப்பறமா மஞ்சளுக்கு மாறட்டுமேன்னேன். முதுகு தாங்காதுன்னா. எங்கம்மாவுக்கு என்ன இரும்பு முதுகா? வலி வலின்னுக்கிட்டேதான் ஏழு பெத்துச்சு. அதைச் சொன்னதும் அவ என்னைய வெளிய போயி ஒக்காருன்னா. ஒன் முன்னாடி.

ஆமா, திரும்பிட்டேன். கொச்கோர் ஊருக்குள்ளதான். ஒங்கண்ணன் வீடு இந்தத் தெருவுலதான, எனக்குத் தெரியாதா. டீ குடிக்கலாம், குடிக்கலாம். இங்க பாரு, நல்லா யோசிச்சுப் பாரு நீயே. பனி விழுந்தா கணவாய் மூடிரும். மாசா மாசம் அங்கேருந்து ஒன்னைய யாரு தூக்கிட்டு அலையுறது? இங்கேருந்தா பிஷ்கெக் பக்கம். ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்குறதுதான் நல்லதுன்னு டாக்டரம்மாவே சொன்னா. அவ சொன்னதைத்தான் நான் செய்யிறேன்.

எத்தன நாளைக்குன்னெல்லாம் கேக்காத. ஒன் மெத்தை, துணிப்பொட்டி, தையல் மிஷினு எல்லாம் போன வாரமே வந்து எறங்கிருச்சு. நீ ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப. ஒங்கண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டு எறக்கி வச்சாரு. ஒன் மதினிதான் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா, அவகிட்டப் பாத்து நடந்துக்கோ.

புள்ளைங்க எங்கம்மாகிட்ட இருக்கட்டும். பனி உருகுனதும் கூட்டிட்டு வர்றேன். சின்னவளுக்கு இன்னும் சொல்லல. பெரமெட்டுக்குத் தெரியும். ஒன் பொட்டிய அவதான் அடுக்கினா. அழுகையெல்லாம் இல்ல. நல்லா நெதானமா, மடிச்சு மடிச்சு வச்சா.

வெள்ளை மாத்திரைய சட்டுன்னு நிறுத்திப்புடாத. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொறைக்கணும், பட்டுன்னு விட்டா உசுருக்கே ஆபத்துன்னா. ஒன் பையில மேலாப்புல வச்சிருக்கேன். மறக்காமப் போடு. நீ நல்லா இருக்கணும்னுதான் எனக்கும்.

வந்தாச்சு, எறங்கு. மெதுவா, மெதுவா, முதுகு. இரு, ஒண்ணு மறந்துட்டேன். காதுல கெடக்குற வெள்ளித் தோட்டைக் கழட்டிக் குடுத்துரு. ஒன்னையப் பேசி முடிச்சப்ப எங்கம்மா தன் காதுலேருந்து கழட்டிப் போட்டுவிட்டது, அது எங்கம்மாவோடதுதான. நாளைக்கு நாரின் போறோம், அங்க ஒரு பொண்ணுக்குப் போடணும்.

என்ன, கொக்கி வரலையா? வெரலு மடங்கல, ஆமா. இப்புடித் திரும்பு, நானே கழட்டிக்கிறேன். தலைய ஆட்டாம இரு.