கயிறு முடியும் இடம்

— கையை மறைக்காதே சின்னவளே. காட்டுன்னா காட்டணும்.

— நாத்து வாடிடும்ணே. இந்தக் குழியை மூடிட்டுக் காட்டறேன்.

— ஒத்தைக் கையால நீ தக்காளி நடற அழகைப் பார்க்கவா வந்தேன்? ஞாயித்துக்கிழமை மலைக்கு உன் புருஷன் வர்றானான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். கொண்டா கையை. அடப்பாவி! விரலெல்லாம் இப்படி வீங்கிக் கெடக்கே! என்னடி இது, ஷூ தடமா?

— நீ வாங்கிக் குடுத்த ஷூதான், மலை ஏறறதுக்குன்னு. அடி நல்லா கெட்டியா இருக்கு.

— எதுக்கு மிதிச்சான்?

— மொதல்ல கத்தரிப் பாத்தியைத்தான் மிதிச்சாரு. சாப்பாடு ஆறிப்போச்சாம், எந்நேரமும் நான் மண்ணுலயே கெடக்கறேனாம். பிஞ்சு விட்ட செடிண்ணே, மனசு கேக்கலை. குறுக்கே கையை வச்சேன். கை மேல ஏறி நின்னு திருகினாரு, சிகரெட்டை அணைக்கற மாதிரி. எலும்பு முறியற சத்தம் எனக்கே கேட்டுது.

— அந்த மண்வெட்டியை எடு.

— அண்ணே...

— எடுடின்னா! உள்ளதானே கெடக்கான்? ஒரே போடு. மண்டை ரெண்டாப் பொளந்துடும், கேட்டியா?

— விடு! கைப்பிடியை விடுண்ணே! நீ பாட்டுக்கு வெட்டிட்டு ஜெயிலுக்குப் போயிடுவே. ரத்தத்தை யாரு கழுவறது? நான்தானே?

— யாரு, தோட்டத்துல மச்சான் குரலா அது? ஜன்னல்ல வெயில் அடிக்குது, ஆளே தெரியலை! ஞாயித்துக்கிழமை கெளம்பறோமில்ல மச்சான்?

— கெளம்பறோம் மாப்ளே! நீங்க இல்லாமலா?

— ஷூ பிரமாதம் மச்சான்! காலோட அப்படியே ஒட்டிக்கிச்சு!

— சந்தோஷம் மாப்ளே, சந்தோஷம்! நீங்க போய்ப் படுங்க!... பாரு, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசறேன். சரி, நீ சொல்றதும் நியாயம்தான். இங்க வேணாம். மலையில வச்சு முடிச்சுடறேன்.

— எப்படி?

— கூட்டிக்கிட்டுப் போறவன் நான்தானே? யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு நான் வைக்கறதுதான். அருவியைத் தாண்டினா, பாறையை ஒட்டி ஒத்தையடிப் பாதை. பிடிச்சுக்கறதுக்குக் கயிறு கட்டியிருக்கும்.

— கயிறு இருந்தா பிடிச்சுக்குவாரே.

— கயிறு முடியற இடத்துல ஒரு திருப்பம் இருக்கு. அங்க கயித்தை விட்டுட்டுத்தான் திரும்பியாகணும். முன்னாடி போயிட்டவங்களுக்குப் பின்னாடி நடக்கறது தெரியாது. முதுகுல பை வேற கனக்கும். அந்தப் பையை லேசா வெளிப்பக்கமா ஒரு தள்ளு. கீழ மொத்தமும் கூர்ப்பாறை. பொறுக்கி எடுக்கச் சாக்குதான் வேணும்.

— பையைத் தள்ளினாப் போதுமா?

— பை போனா ஆளும் கூடவே போயிடுவான்.

— ரொம்பப் பலம் வேணுமோ?

— சின்னக் குழந்தை தள்ளினாலே போதும். ஏண்டி, செடிக்கு எவ்வளவு உரம் போடணும்னு கேக்கறாப்ல கேக்கறே?

— யாராவது பார்த்துட்டா?

— அவனுக்குப் பின்னாடி நான். எனக்குப் பின்னாடி உங்க அண்ணி மட்டும்தான். அவ பார்த்தாலும் வாயைத் திறக்க மாட்டா. அந்தப் பயத்துல வச்சிருக்கேன்.

— தெரியும்ணே. முன்பல்லு ரெண்டும் போனதைப் பார்த்தேனே.

— அது அவ வாய்க்குக் கெடைச்சது. எதிர்த்துப் பேசினா, தலையைப் பிடிச்சு வாஷ்பேசின்ல ஒரு மோது மோதினேன். பல்லு உடையும்னு கண்டேனா? அப்புறம் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டு ஓடினதும் நான்தானே? அடிக்கறதுக்கும் ஒரு அளவு இருக்கு, கேட்டியா? உன் புருஷன் மிருகம். அவனையும் என்னையும் ஒண்ணாக்காதே.

— முந்தாநேத்து அண்ணி இங்க வந்திருந்தாங்க. கையைப் பார்த்துட்டு, உக்காந்து களையெல்லாம் எடுத்துக் குடுத்தாங்க.

— இங்க வந்தாளா? என்கிட்ட மூச்சுவிடலையே! எதுக்கு வந்தா?

— மலையில ஒருத்தரைத் தள்ளிவிடறதுன்னா எந்த இடம் தோதுன்னு கேட்டாங்க. எனக்கு மலையெல்லாம் தெரியாது அண்ணி, அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லி அனுப்பினேன்.