பாதியில் நிறுத்திய டாக்டர்

ஒரு நிமிஷம்... இவ்வளவு நேரம் பேசினதை விடுங்க. ஒரு குட்டிச் சம்பவம் சொல்றேன், அது போதும்.

கோவில்பட்டியில அங்கயற்கண்ணின்னு ஒரு அம்மா. அறுபத்தாறு வயசு. ஜாக்கெட் தைக்கிற கடை வச்சிருக்காங்க. ஒரு நாள் வலது பக்க வயித்துல வலி... குளிர் காய்ச்சல்... கண்ணு ரெண்டும் மஞ்சள். வீட்ல என்ன சொன்னாங்க? வேற என்ன... "கேஸ்!" நமக்கு நெஞ்சு வலிச்சாலும் கேஸ், முதுகு வலிச்சாலும் கேஸ். நாலு நாள் சோடா குடுத்தாங்க. அஞ்சாம் நாள் ஆஸ்பத்திரி.

ஸ்கேன் எடுத்தா, பித்தக்குழாய்க்குள்ள கல்லு. டாக்டர் பேரு ஜெபசெல்வி. சின்ன வயசுப் பொண்ணு. "வயித்தைக் கிழிக்க வேண்டாம். வாய் வழியா குழாய் விட்டு, பித்தக்குழாய் குடல்ல திறக்கிற இடத்தைக் கொஞ்சம் வெட்டிக் கல்லை எடுத்துடலாம்"னு சொன்னாங்க.

அந்தம்மாவோட தம்பி நயினார். பஸ்ஸுல டிக்கெட் செக் பண்றது அவர் வேலை. ஆனா மருத்துவத்துல அவருக்குத் தெரியாதது எதுவுமே கிடையாது... கையில போன் இருக்குல்ல! "பத்து நிமிஷ வேலை, யக்கா. வீடியோ பார்த்துட்டேன்"னுட்டாரு.

அந்தம்மாவை உள்ள கூட்டிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆச்சு. டாக்டர் வெளிய வந்தாங்க.

"கல்லை இன்னைக்கு எடுக்கலைங்க. பித்தக்குழாய் திறக்கிற இடத்தை ஒட்டியே குடல் சுவர் ஒரு பை மாதிரி பிதுங்கியிருக்கு. பித்தக்குழாயோட வாய் அந்தப் பையோட ஓரத்துல ஒளிஞ்சு கிடக்கு. பையோட சுவர் ரொம்ப மெலிசு. தப்பா வெட்டினா குடல் ஓட்டையாயிடும். பித்தம் வடியறதுக்கு ஒரு சின்னக் குழாய் வச்சிருக்கேன். காய்ச்சல் இறங்கட்டும். அடுத்த வாரம் எடுத்துடறேன்."

நயினார் எப்படிக் கேட்டாரு தெரியுமா? "அப்ப ஒரு மணி நேரம் உள்ள என்னம்மா பண்ணீங்க... வேடிக்கை பார்த்தீங்களா?"

அந்தப் பொண்ணுக்கு முகம் சுருங்கிப் போச்சு.

இவர் நேரா அக்கா கட்டிலுக்குப் போனாரு. "யக்கா, கிளம்பு! இந்தப் பொண்ணுக்குத் தொழில் தெரியல. மதுரைக்குப் போவோம்."

அக்கா சொன்னாங்க, "டாக்டரைக் கூப்பிடு."

வந்தாங்க. அக்கா கேட்டாங்க, "ஏன் தாயி... பயந்துட்டியா?"

டாக்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "ஆமாம்மா. பயந்துட்டேன்."

"அப்ப நான் உங்கிட்டயே இருக்கேன். டேய் நயினாரு, நீ வேணா மதுரைக்குப் போயிட்டு வா!"

ரெண்டே நாள்ல காய்ச்சல் இறங்குச்சு. அடுத்த வாரம் மறுபடி உள்ள போனாங்க. இந்தத் தடவை டாக்டர் கொஞ்சமா வெட்டி, மிச்சத்தைச் சின்ன பலூனால மெதுவா விரிச்சு... கல்லை வெளிய கொண்டு வந்துட்டாங்க. குடலுக்கு ஒரு சேதமும் இல்ல. நாலாம் நாள் அந்தம்மா கடையைத் திறந்துட்டாங்க.

நம்ம நயினார் ஆஸ்பத்திரி வாசல்லயே ஆரம்பிச்சுட்டாரு... "நான் அன்னைக்கே சொன்னேன்ல, இந்தப் பொண்ணு கெட்டிக்காரின்னு!"

சிரிக்கிறீங்க... நல்லாச் சிரிங்க. ஆனா நெஞ்சுல கை வச்சு சொல்லுங்க, அன்னைக்கு அந்த வராந்தாவுல நீங்க நின்னிருந்தா டாக்டர் பக்கம் நின்னிருப்பீங்களா? நான் நின்னிருக்க மாட்டேன். "எல்லாம் முடியும், கவலையே படாதீங்க"ன்னு சொல்றவனுக்கு நாம மாலை போடுவோம். "இன்னைக்கு முடியல, இதுக்கு மேல போனா ஆபத்து"ன்னு சொல்றவங்களை... தொழில் தெரியாதவங்கன்னு விரட்டுவோம். அய்யா, அம்மா... எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சிருக்கறதுதாங்க தொழிலே! தைரியமா உள்ள போறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. வெளிய வந்து, நம்ம முகத்தைப் பார்த்து, "முடியல"ன்னு சொல்றதுக்குத்தான் தைரியம் வேணும்.