பதில் வரும்வரை

2025 ஜூலை 8, செவ்வாய். காலையில் துணி துவைத்தேன். லிஃப்ட் பழுது பற்றி நான் அனுப்பிய செய்திக்குக் குடியிருப்புச் செயலாளர் இன்றும் பதில் தரவில்லை. மாலையில் அம்பத்தூரிலிருந்து கரையான்சாவடிக்குப் பேருந்தில் திரும்பினேன். முன் இருக்கையில் தொழிற்சாலை அடையாள அட்டையோடு இரண்டு பெண்கள்.

"நெட்வொர்க்ல சேதி அனுப்புற முறைல இந்த யூடிபி கீதே, அது வாயாடிடி. கேட்டியா கேக்கலியான்னு பாக்காது, பேசிக்கினே போவும்" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

"அதனாலதான்டி வேகம்" என்றாள் தோழி.

"போன் பேச்சுல ரெண்டு வார்த்தை வழில உழுந்தா பரவால்ல. மெஷினை நிறுத்துன்னு அனுப்புறது உழுந்தா? உள்ள கை வச்சிகினு இருக்கிறவன் கதி இன்னா? டிசிபின்னு இன்னொரு முறை கீது, அதுன்னா கெடச்சுதுன்னு பதில் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப அனுப்பும்."

"மேனேஜர் நம்ம மெஷினுக்கு யூடிபியே போதும்ன்றாரு. நீ சரின்னு கையெழுத்துப் போடலேன்னா ஊட்டுக்குத்தான்."

"போறேன். போட மாட்டேன்னு இப்பதான் மெசேஜ் அனுப்பினேன்."

"இன்னா சொன்னாரு?"

"பதிலே இல்ல."

அவள் அதையே மறுபடி அனுப்பினாள். காட்டுப்பாக்கத்தில் இறங்க எழுந்தபோது இன்னொரு முறையும்.

"வுடேன்டி!"

"கெடச்சுதுன்னு சொல்லட்டும், வுடறேன்."

ஜூலை 9, புதன். காலை முதல் வேலையாக, லிஃப்ட் பற்றிய செய்தியைச் செயலாளருக்கு மீண்டும் அனுப்பினேன்.