மஜீது பாயின் வலக்கையை மீட்டுத் தந்த யசோதரா அம்மையாருக்கு

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த அம்மையீர்! எம்.கே.பி. நகரிலிருந்து நாள்தோறும் பேருந்தேறி வந்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் எங்கள் மருத்துவமனையின் மறுவாழ்வுப் பிரிவில், முடங்கிய கைகளையும் மரத்துப்போன கால்களையும் முகம் சுளிக்காமல் பிடித்துப் பழக்கிய பெருந்தகையே! பணி நிறைவு பெறும் உங்களை வாழ்த்த வந்த நாங்கள், ஒரே ஒருவர் கதையை மட்டும் இங்கே சொல்கிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன், கொருக்குப்பேட்டையில் டீக்கடை நடத்தும் மஜீது பாய், பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்து நம்மிடம் வந்தார். கண்ணில் மாட்டினால் வேறோர் உலகத்தையே காட்டும் வி.ஆர். கருவி அப்போதுதான் நம் பிரிவுக்கு வந்திருந்தது. அதில் இருந்ததோ பலூன் உடைக்கும் விளையாட்டு!

"நான் இன்னா கொயந்தயா மேடம்?" என்று கழற்றி வைத்துவிட்டார் பாய்.

நீங்கள் கோபிக்கவில்லை. "சரி பாய், இந்தக் கையால உங்களுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டீர்கள்.

"டீ ஆத்தணும்."

அந்த ஞாயிறே அவர் கடைக்குப் போய், மேடையின் உயரத்தையும் அவர் கை வீசும் தூரத்தையும் அளந்து வந்தீர்கள். நம் தொழில்நுட்பர் ஃபவாஸோடு அமர்ந்து அந்தக் கடையையே கருவிக்குள் கட்டினீர்கள். அங்கே கொதிக்கும் டீ கொட்டினாலும் சுடாது; பாய் பயமின்றி ஆற்றினார். ஆறே வாரத்தில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. நாங்கள் கைதட்டினோம்.

பிறகு கருவியைக் கழற்றிவிட்டு நிஜக் குவளையைக் கொடுத்தோம். அது நழுவித் தரையில் விழுந்தது.

"உள்ள ஜோரா கீது. வெளிய வந்தா என் கையையே காணோமே!" என்று மனைவி ஜன்னத்தின் முன்னே பாய் அழுதார். இனி வரமாட்டேன் என்றார்.

நாங்கள் கருவியைக் குறை சொன்னோம். சிலர் அவர் வயதைச் சொன்னோம். நீங்களோ எல்லோர் முன்னிலையிலும், "தப்பு என்னோடது பாய். கருவிக்குள்ள இருந்த குவளைக்கு எடையே இல்ல. எடையில்லாததத் தூக்கத்தான் உங்க கை கத்துக்கிச்சு. எனக்காக இன்னொரு தரம் வாங்க" என்றீர்கள். முப்பதாண்டு அனுபவமுள்ள ஒருவர் நோயாளியிடம் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதே இல்லை.

பாய் வந்தார். கண்ணுக்குக் கருவிக்குள்ளிருந்த கடை, கைக்குத் தண்ணீர் ஊற்றிய நிஜக் குவளை. ஐந்து நிமிடம் உள்ளே, ஐந்து நிமிடம் வெளியே. முதலில் இரண்டு கரண்டித் தண்ணீர், பிறகு அரைக் குவளை, பிறகு முழுக் குவளை. அவர் சட்டையும் உங்கள் புடவையும் நனையாத நாளுண்டா! ஐந்தாம் மாதம், தம் கடையில், தாமே ஆற்றிய டீயை ஜன்னத்திடம் நீட்டினார் பாய். முன்பு ஒரு முழ உயரம் ஆற்றியவர், இன்று ஒரு சாண்தான் ஆற்றுகிறார். கேட்டால், "டேஸ்ட்டு அதேதான்" என்கிறார்.

பிறர் உடல் பேணிப் பேணித் தம் உடல் மறந்த தகைமையீர்! படியேறும்போது உங்கள் முழங்கால் படும் பாட்டை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கேட்டால் நேரமில்லை என்பீர்கள். இனி அது செல்லாது. திங்களும் வியாழனும் காலை பத்து மணிக்கு, நம் பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதிவிட்டோம். நோயாளியாக வாருங்கள், நூறாண்டு வலியின்றி உங்களை நடக்கவைப்பது எங்கள் பொறுப்பு!

உங்களுக்காகக் காத்திருக்கும்,
மறுவாழ்வுப் பிரிவு ஊழியர்கள்,
தண்டையார்பேட்டை.