பின்னால் ஓரடி

சாயங்காலம் ஆறரை. கரீபியன் கடலோரக் கிறிஸ்டியன்ஸ்டெட் துறைமுகத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் தெரு... ஈ காக்கை இல்லை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. இது நம் டெல்ரோயின் அக்கா புருஷனுக்கு நடந்தது. டெல்ரோய் அந்த மூலையில்தான் இருக்கிறான். நான் கூட்டிச் சொன்னால் அவனே தலையாட்டி மறுக்கட்டும்.

அக்கா புருஷன் பெயர் ஆல்வின் ஜோசப். பெற்றவர்கள் வைத்தது அவ்வளவுதான். அச்சடித்த அட்டையில் மட்டும் 'ஆல்வின் வான் ஜோசப், கட்டடக்கலைப் புகைப்பட மேதை' என்று இருக்கும். அந்த 'வான்', இந்த ஊரை ஆண்ட டேனிஷ்காரர்களின் ரத்தமாம். கேமராவும் கழுத்துமாக வரும் வெளியூர்க்காரர்களைத் தெருத்தெருவாக நடத்திப் போய், பழைய வீடுகளை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று காட்டுவது தொழில். மஞ்சள் செங்கல் மாளிகை வந்ததும் குரல் கனத்துவிடும்.

"இது எங்க முப்பாட்டனார் மாளிகை."

முழுப் பொய்யில்லை. முப்பாட்டன் அதற்குச் செங்கல் சுமந்த அடிமை.

இருட்டிய பிறகு வீடு திரும்பினால் நாம் எப்படி நுழைவோம்? வாசலில் திரும்பி, முதுகு முன்னால். கூடவே வந்த ஜம்பிப் பேய் தெருவோடு நின்றுவிடும். ஆனால் வீட்டுக்காரன்தான் அப்படி நுழைவான். விருந்தாளி முகம் காட்டித்தான் வருவான். ஆல்வின் மனைவி யூலாலி தினமும் கெஞ்சுவாள்.

"திரும்பி வாயா. எதையாவது கூட்டிட்டு வந்துடாத."

"நான் என்ன நண்டா?" என்பான்.

அன்றைக்கு அந்த ஆளில்லாத தெருவில் அவனோடு ஐந்தாறு பேர் மட்டும் வந்திருந்தார்கள். டெல்ரோய் கேமரா ஸ்டாண்டைச் சுமந்துகொண்டு கடைசியில். மாளிகைக்கு எதிர்வரிசையில், நடைபாதை வளைவுகளின் கீழே அவர்களை நிறுத்திவிட்டு, ஆல்வின் தெருவில் அவர்களைப் பார்த்து நின்று கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டான்.

"வளைவு முழுசா விழணும். கலைஞனுக்குப் பின்வாங்கவும் தெரியணும்!"

ஓரடி. இன்னும் ஓரடி... அவன் பின்னால் மாளிகை வாசல். டெல்ரோய்க்கு விவரம் தெரிந்த நாளாகப் பூட்டிக் கிடக்கும் கதவு. அது திறந்திருந்தது. அவன் கத்துவதற்குள் ஆல்வின் படியேறிவிட்டான். முதுகு முன்னால்.

கதவு அறையவில்லை. மெதுவாகச் சாத்திக்கொண்டது. வீட்டு ஆள் வந்து சேர்ந்தாயிற்று, இனி யாருக்குக் காத்திருக்க வேண்டும் என்பது போல. பிறகு தாழ்ப்பாள்... இரும்பு மரத்தில் உரசி விழும் சத்தம். ஜன்னல் மரச்சட்டங்களின் இடுக்கில் ஒரு வாசனை. கரும்புப் பாகும் நனைந்த சுண்ணாம்பும்.

"அத்தான்! விளையாடாதீங்க!"

"பதறாதடா. பழைய கீல்." கூட்டத்துக்காகக் குரலை உயர்த்தினான். "நண்பர்களே, உள்ளே இருக்கும் இந்த அபூர்வ விதானம்..."

குரல் தாழ்ந்தது.

"டெல்ரோய்... இங்க விளக்கு ஏத்துறாங்க."

"யாரு?"

"சாப்பாடு வச்சிருக்காங்க. பெரியவர் நாற்காலியாம், உட்காரச் சொல்றாங்க... கதவைக் காணோம்டா. நான் இந்த வம்சம் இல்லேன்னு நீ சொல்லுடா. நான் சொன்னா சிரிக்கிறாங்க."

டெல்ரோய் கதவிடுக்கில் வாயை வைத்தான்.

"ஐயா! இவர் உங்க வம்சம் இல்லை! இவர் முப்பாட்டன் இந்த வீட்டுக்குக் கல்லு சுமந்தவர்! விட்டுடுங்க!"

உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது.

"சொல்லிட்டியா..." குரல் இப்போது தூரத்தில். "அப்படின்னா பின்கட்டுக்குப் போகச் சொல்றாங்க. வேலை பாதியில நிக்குதாம்."

எதிர்வரிசையில் கைதட்டல். இறங்கிப் போகும்போது ஒரு அம்மாள் டெல்ரோயின் தோளைத் தட்டி, நடிப்பு பிரமாதம் என்றாள்.

போலீஸ் வந்து கதவைப் பெயர்த்தது. கதவுக்குப் பின்னால் சுவர். பாசி பிடித்த, கறுத்த, பழைய சுவர். "இதுக்குள்ள எப்படிய்யா போவான்?" என்றார் அதிகாரி.

மாளிகையின் பின்சுவரில் போன புயல் போட்ட ஓட்டை ஒன்றுண்டு. தலை நுழையும், தோள் நுழையாது. யூலாலி அதில் முகத்தை வைத்துக் கூப்பிட்டாள். பதில் இல்லை. கரண்டி சுண்ணாம்பை வழிக்கும் சத்தம் மட்டும்... சரக்... சரக்... மறுநாள் ஓட்டை பாதியாகியிருந்தது. உள்ளேயிருந்து புதுச் செங்கல். அவள் கடப்பாரையோடு போனபோது, பாரம்பரியக் கட்டடமாயிற்றே, ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது என்று அரசாங்கத்தில் ஆள் போட்டுத் தடுத்துவிட்டார்கள். ஆல்வின் மேடைமேடையாகப் பேசி வாங்கிக் கொடுத்த சட்டம்.

போலீஸிடம் இதைச் சொன்னதோடு சரி, டெல்ரோய் அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை. பார்க்கிறீர்கள் அல்லவா?

இப்போது ஓட்டை ஒரு கை நுழையும் அளவு. நேற்றுச் சாயங்காலம் யூலாலி அதில் மாவைத் தட்டிப் பொரித்த ஒரு ஜானி கேக்கை நீட்டினாள், அவனுக்குப் பிடித்தது, சுடச்சுட. உள்ளேயிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. அவள் அழுதுவிட்டாள்.

பிறகு இன்னொரு கை நீண்டது.

பிறகு இன்னொன்று... இன்னொன்று... எல்லாவற்றிலும் ஈரச் சுண்ணாம்பு. எதிலும் ஆல்வினின் கல்யாண மோதிரம் இல்லை.